தானாக வந்த ஆமென்

மதிய மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகிறது. ஜன்னல் வெயில் சாய்ந்து கிடக்கும் கடைசி பெஞ்சின் மேல் ஏறி நின்று, வகுப்பே ‘மைக்செட்’ என்று கூப்பிடும் தோழி, டப்பா மூடியைத் தூக்கிப் பிடித்து ஜெபிக்கிறாள். “ஆண்டவரே, முன் பெஞ்சுத் திக்குவாயோட நாக்குல கொஞ்சம் எண்ணெய் ஊத்தும்!” குரலும் இழுவையும் அச்சு அசலாகச் சபைப் போதகருடையவை. அந்தப் போதகரின் மகள் சிரிக்கவில்லை. “இந்த விளையாட்டுக்கு நான் வரலடி” என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் அதே பெஞ்சின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். “உம்முடைய நாமத்தில் கேட்கிறோம், பிதாவே!” என்று மைக்செட் முடிக்கிறாள். பதினைந்து வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? மகளின் வாய் முந்திக்கொண்டு, கணீரென்று, “ஆமென்” என்கிறது. வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது. முன் பெஞ்சுக்காரி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் துடைக்கிறாள். ஞாயிறுதோறும் சபையில் போதகரின் மகளோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறவள் அவள். பாடும்போது மட்டும் திக்காதவள். போதகரின் மகள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். “எங்கடி போற? சும்மா தமாஷுக்குத்தானே!” என்று மைக்செட் தோளைப் பிடிக்கிறாள். “விடுடி.” உதறிவிட்டு முன் பெஞ்சில் போய் உட்காருகிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், டப்பாவைத் திறந்து வைக்கிறாள். முன் பெஞ்சுக்காரி நகர்ந்து இடம் விடுகிறாள், கண்ணை மூடுகிறாள். “இ... இந்தச் சா... சாப்பாட்டுக்கு நன்றி, பி... பிதாவே.” கண்ணைத் திறக்காமலே ஆமெனுக்காகக் காத்திருக்கிறாள். “ஆ...” என்கிறாள் போதகரின் மகள். அதற்கு மேல் வரவில்லை.