ஆட்டிடம் சொன்னது

குடோன் கதவு திறந்து கிடந்தது. பாப்பாயி விளக்குமாறும் சாக்குமாக வந்துகொண்டிருந்தாள்.

ஜெயங்கொண்டம் ரோட்டு அரிசிக் குடோனில் வழக்கம் இதுதான். பூச்சிக்கு மருந்து விட்டு, மூடிவைத்துத் திறந்த பிறகு, முதலில் உள்ளே போய்க் கூட்டுகிறவளுக்குச் சிந்தின அரிசி சொந்தம். வாசலில் நின்று கண்ணை விழித்துப் பார்ப்போம். எரிந்தால் மருந்து இருக்கிறது. எரியாவிட்டால் போகலாம்.

அன்று நான்தான் முதலில் வந்திருந்தேன். மருந்து விடுகிற ராசாங்கம் காற்றாடக் கதவைத் திறந்துவிட்டு, என்னிடம் தெளிவாகச் சொன்னார். அவர் விடுகிற மெத்தில் புரோமைடு மருந்துக்கு வாசமே கிடையாதாம். கண் எரிவதற்கென்றே வேறு ஒன்றைக் கலந்து அனுப்புவார்களாம். இந்த சிலிண்டரில் அதைக் கலக்கவில்லையாம். நாளைக்குக் காலை வரை யாரும் உள்ளே போகக் கூடாது, வருகிறவர்களிடம் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வந்தது பாப்பாயி. என் கெட்ட நேரம்.

அவளுக்கும் எனக்கும் நாலு வருசமாகப் பேச்சு கிடையாது. ஒரு வெண்கலப் பானைக்காக ஆரம்பித்தது. நானா முதலில் வாயைத் திறப்பேன்? ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரிடமோ கோழியிடமோ சொல்வோம். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கும். பெரும்பாலும் ஏச்சுதான்.

வேலியில் ஒரு ஆடு கட்டியிருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

“இந்தத் தடவ கண்ணு எரியாதாம். உள்ள போனா உசுரு போயிருமாம். அரிசிக்கு அலையிறவளுக்கு யாரு சொல்றது?”

கடைசியில் சொன்னது வேண்டாத பேச்சு. வாய் சும்மா இருந்தால்தானே.

அரிசியை நான் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். வாசலில் நின்று கண்ணை அகல விழித்தாள். ஆட்டைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

போய்த் தொலையட்டும் என்று இருந்துவிட்டேன். அன்று நினைத்ததை இப்போது மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அரை மணி நேரத்தில் பாதிச் சாக்கு அரிசியோடு வந்தாள். என் முன்னால் வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனாள். ராசாங்கம் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று எனக்கே வயிறு எரிந்தது.

சாயங்காலம் அவளுக்கு நாக்குக் குழறியது. விளக்கு வைப்பதற்குள் வலிப்பு. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அடங்கிவிட்டாள்.

நர்ஸ் சீட்டு எழுதிக்கொண்டே, இறந்தவங்க உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

நாலு வருசத்துக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

“அக்காங்க. கூடப் பொறந்த அக்கா.”