இரட்டை முடிச்சு

கடிக்கிற சிலந்தியை எடுத்து, கடிக்காத சிலந்தியின் டின்னுக்குள் விட்டாள் மருதம்மாள். கடிக்காததை மற்ற டின்னுக்கு மாற்றி, இரண்டு மூடிகளையும் அழுத்தி மூடினாள். ரப்பர் பால்மரம் சீவிப் பழகிய கை.

இரண்டும் உள்ளங்கை அகலம். உடம்பெல்லாம் மயிர். உருவத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது, நிறம்தான் வேறு. பழுப்பு சாது, கையில் விட்டால் பேசாமல் ஊர்ந்து போகும். பச்சை பொல்லாதது. போன மாதம் கங்காணி மணியத்தின் விரலைக் கடித்ததில், மூன்று நாள் அவன் கை முழங்கை வரை வீங்கிக் கிடந்தது.

"மருதம்மா! நூலு கட்டிட்டியா?" உள்ளேயிருந்து தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நடராஜா கத்தினார்.

"கட்டியாச்சு ஐயா. பச்சைக்கு ஒத்த முடிச்சு, பழுப்புக்கு ரெட்ட முடிச்சு. நீங்க சொன்ன மாதிரியேதான்."

"மாத்திக் கீத்திக் கட்டிடாத. தொர முன்னால என் மானம் போயிடும்."

"இத்தன நாளா நாந்தான கட்டுறேன். என்னைக்காச்சும் மாத்தியிருக்கேனா?"

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் ஒட்டுப்பால் மூட்டை ஒன்று காணாமல் போனது. 'சின்னையாதான் தூக்கிட்டுப் போனான், தூரத்துலேருந்து சட்டைய வச்சே அடையாளம் கண்டேன்' என்று விசாரணையில் நடராஜா சொன்னார். வேறு சாட்சி இல்லை. சின்னையா யூனியன் கூட்டத்தில் எழுந்து நின்று கிராணியைக் கேள்வி கேட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

மருதம்மாளின் புருஷனுக்குத் திருடன் என்று பேர் வைத்துத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். இப்போது ஜித்ரா டவுனில் யாருக்கோ சிமெண்டு சுமக்கிறான். தொழிலாளர் லயத்து வீட்டில் அவளும் பிள்ளையும் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், மரம் சீவி முடித்த கையோடு வந்து கிராணி வீட்டில் சம்பளமில்லாமல் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

தேய்த்தாள். சின்னையா அதே கேட் வழியாக உள்ளே வர வேண்டும், இந்த ஆள் அதே கேட் வழியாக வெளியே போக வேண்டும். ஒவ்வொரு சட்டியின் கரியையும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் சுரண்டினாள்.

தோட்ட மேனேஜரான துரைக்குச் சிலந்திப் பைத்தியம். பங்களா வராந்தா முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். பெரிய கிராணி வேலை காலியானதிலிருந்து அந்தப் பைத்தியம் நடராஜாவுக்கும் தொற்றிக்கொண்டது.

அன்று சாயங்காலம் நடராஜா குடை பிடித்து முன்னால் நடந்தார். இரண்டு டின்களையும் சுமந்துகொண்டு மருதம்மாள் பின்னால் போனாள். கிராணி சுமை தூக்குவாரா?

"வா நடராஜா. என்ன கொண்டாந்த?" என்றார் துரை. தோட்டத்துக்குள் கற்ற தமிழ். அதில் யாருக்கும் மரியாதை கிடையாது.

"நான் சொன்னேனே சார், ரெண்டும் வேற வேற சாதி. பச்சை ஒரு சாதி, பழுப்பு ஒரு சாதி. பாத்த ஒடனே நான் சொல்லிடுவேன்."

"ஒரே சாதிதான். நிறம் மட்டும் ரெண்டு. காட்டு, பாப்போம்."

நடராஜா இரட்டை முடிச்சு டின்னை வாங்கி மேசைமேல் வைத்துத் திறந்தார். "இது பழுப்பு சார். பச்சப்புள்ள மாதிரி. கையில ஏத்திக் காட்டுறேன்."

சட்டைக் கையை மடித்தார். கிராணியின் கை டின்னுக்குள் இறங்கியது. உள்ளே இருந்தது முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது.

துரை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏய், மடையா! அது பச்சை!"

அவ்வளவுதான். கடியிலிருந்து தப்பித்துவிட்டார் நடராஜா.

"பச்சையா? இல்ல சார்... பழுப்பு."

"குனிஞ்சு நல்லாப் பாரு."

குனிந்து பார்த்தார். "பழுப்புதான் சார்."

யாரும் சொல்லாமலே மருதம்மாள் மற்ற டின்னையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப சொல்லு. எது பச்சை?"

நடராஜா டின்னைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், மருதம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் விரல் ஒரு டின்னைக் காட்டியது. துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக மற்றதற்கு மாறியது. பிறகு திரும்பவும் பழையதற்கே வந்தது.

துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நடராஜா, உனக்கு நிறம் தெரியாதா?"

கிராணி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பச்சையும் பழுப்பும் மட்டுந்தான் சார், ஒரே மாதிரி தெரியும். பொறந்ததுலேருந்தே அப்படித்தான். ஆனா வேலைக்கு அதனால ஒரு கொறையும் வந்ததில்ல சார்."

"போகட்டும் லா. பேரேடு எழுத பச்சை எதுக்கு, பழுப்பு எதுக்கு?" துரை அவர் தோளில் தட்டினார். "பெரிய கிராணிக்கும் அது வேணாம். அடுத்த மாசம் நீதான்."

நடராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மருதம்மாள் பக்கம் திரும்பினார்.

"வேணும்னே மாத்திக் கட்டியிருக்க, முண்டம்! புருசன் திருடன், பொண்டாட்டி இந்த லட்சணம். நாளைக்கே லயத்தக் காலி பண்ணு!"

"பண்றேன் ஐயா."

இரண்டு டின்களையும் மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாகத் துரையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மூஞ்சி தெரியல, பச்சைச் சட்டைய வச்சுத்தான் சின்னையான்னு கண்டுபிடிச்சேன்னு அன்னைக்கு விசாரணையில இவரு ஒங்க முன்னாலதான சொன்னாரு, தொர?"