பதினோரு மாதப் பாத்தி

வாடகைப் பத்திரம் பதினோரு மாதத்துக்கு. ஆறு வருடத்தில் ஐந்து வீடு மாறிய மாசிலாமணிக்கு ஆசையோ, ஒருமுறை நட்டால் வருடா வருடம் தானே பூக்கிற செடிகள்மேல். நர்சரிக்காரப் பெண் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். அவர் பேரம் பேசியது காலத்தைத்தான்.

“பவழமல்லி பூக்க ரெண்டு வருசம் ஆகும், அண்ணாச்சி.”

“பத்து மாசத்துல முடிச்சுக் குடும்மா.”

“அதைச் செடிகிட்ட நீங்களே பேசிக்கங்க.”

முன்வாசல் மண்ணில் கோலமாவால் பாத்தி கீறினார். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். காலால் அழித்தார். மறுபடி கீறினார். மாடியில் வீட்டுக்காரர் இருமும்போதெல்லாம் பாத்தி ஒரு சாண் சுருங்கியது.

“செடி நடப்போறீங்களா, இல்ல பூமிக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கப்போறீங்களா?” என்றாள் மனைவி தெய்வானை.

ரோஷம் வந்து குழி தோண்டினார். கறுப்பு நர்சரிப் பையோடு பவழமல்லியை உள்ளே இறக்கி மண்ணைத் தள்ளினார்.

“ஐயோ, பையைக் கிழிக்கலையே!”

“காலி பண்ணச் சொன்னா அப்படியே தூக்கிட்டுப் போயிரலாம்.”

“அதுவரைக்கும் வேர் எங்கங்க போகும்?”

மண்ணை அமுக்கிக்கொண்டிருந்த மாசிலாமணி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“அதை அவருகிட்டதான் கேக்கணும்.”