சுவருக்கு அந்தப் பக்கத்துச் சுதி

"போன்லயே சுதி காட்ற ஆப் கீதாம். அத்த வெச்சுப் பாருங்களேன்" என்றாள் நசீம் பானு.

பூந்தமல்லிப் பட்டறையில், சுரத்துக்கு ஒரு பலகையாக வைத்துத் தட்டி வாசிக்கும் மரச் சைலஃபோன் செய்துகொண்டிருந்த அவள் கணவர் ஷஃபியுல்லாவுக்குச் சுருக்கென்றது.

"ஆப் எல்லாம் செவிடனுக்கு! பக்கத்து ஊட்டு லாவண்யா டீச்சரோட தம்புராப் பொட்டி ஓடுது பாரு, எனக்கு அது போதும்."

"டீச்சரா? அவங்க..."

"பேசாத. சுதி கலையும்."

சுவருக்கு அந்தப் பக்கம் 'ம்ம்ம்' என்று ரீங்காரம். அதைக் கேட்டபடி 'ச' பலகையைத் தட்டினார்.

"காலைல சரியா வெச்சேன். இப்ப சுதி தூக்கலா கீது. மரம் ஏமாத்துது!"

அடிப்பக்கம் நடுவில் உளியால் செதுக்கினார். செதுக்கினால் சுதி இறங்கும். 'ச' இறங்கினால் மற்ற பலகைகளையும் இறக்கியாக வேண்டும். எல்லாவற்றையும் செதுக்கிவிட்டுத் தட்டினால் மறுபடியும் தூக்கல். மறுபடியும் செதுக்கினார்.

"சாயங்காலம் ஸ்கூல்காரங்க எடுக்க வராங்க. பலகை அப்பளமாட்டம் ஆவுது!" என்றாள் பானு.

"மெஷினை நம்புறவங்களுக்கு இந்த நுணுக்கம் புரியாது."

சட்டென்று ரீங்காரம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "பானு அக்கா, மாவு ரெடி! தூக்கு எடுத்துகினு வாங்க!"

ஷஃபியுல்லாவின் உளி அந்தரத்தில் நின்றது.

"டீச்சர் காலி பண்ணி ஒரு மாசமாச்சு. இப்ப அங்க வடிவோட மாவுக் கடை. அரிசி போடப் போட கிரைண்டர் திணறும், சத்தம் எறங்கும்."

போய் மாவோடு திரும்பிய பானு கையை நீட்டினாள்.

"அந்த 'ச'வைக் கொடுங்க. தோசை திருப்பணும்."