தணிகாசலத்தின் யோசனை

கருமாதி முடிவதற்குள்ளாகவே தணிகாசலம் பழைய காப்பீட்டுக் கம்பெனியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இந்த முறை கம்பெனியின் சர்வருக்குள், அவர் மனசை அப்படியே ஏற்றிவைத்திருந்தார்கள். செத்துப்போன ஊழியர்களையெல்லாம் ஒரே சர்வரில் மூட்டை மாதிரி அடைத்திருந்ததால், உள்ளே கடிகாரம் ஊர்ந்தது. வெளியுலகத்தோடு ஒத்துப்போக, கம்பெனி தினமும் மதியம் அதை முன்னால் தள்ளிவிட்டது; தள்ளியும் தீராத பாக்கி நேரத்தை ராத்திரித் தூக்கத்தில் கழித்தது. தணிகாசலம் தயிர்சாதத்தில் கை வைப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும்.

செத்தவருக்கு எதற்குப் பசி என்று கேட்காதீர்கள். பசியையும் சேர்த்துத்தான் ஏற்றியிருந்தார்கள். பசித்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்குமாம்.

பொறுக்க முடியாமல் மேனேஜர் பிரசன்னாவிடம் போய் நின்றார்.

"எப்பவும் சாப்பாட்டு நேரத்துலதான் கடிகாரம் தாவணுமா தம்பி?"

"வேலை நேரத்துல தாவுனா வேலை கெட்டுடுமே சார்."

"அப்ப வாரம் முழுக்கச் சேர்த்துவெச்சு ஒரேடியா சரி பண்ணிக்குங்களேன்."

"பிரமாதமான யோசனை சார்!"

அந்த வாரம் தணிகாசலம் ஆற அமரச் சாப்பிட்டார். சனிக்கிழமை மாலை, ஞாயிறுதோறும் கூப்பிடும் மகளை நினைத்தபடி ஃபைலை மூடி நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரம் திங்கட்கிழமை காலை என்றது. மகளின் குரல்பதிவு காத்திருந்தது.

"அப்பா, நேத்து முழுக்கக் கூப்பிட்டேன். பேசப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, விட்டுடறேன்."

பிரசன்னா எட்டிப் பார்த்தான்.

"இப்ப வயிறார சாப்பிடறீங்களா சார்? உங்க யோசனையை எல்லாக் கிளைக்கும் அனுப்பிட்டோம்."