இருபத்தோராவது முயல்

“இருபத்தொண்ணு!” என்றார் ஏலவார்குழலி மேடம். ஹால் முழுக்க முயல்கள் குதித்துக்கொண்டிருந்தன.

ஒரகடத்தில் சந்திரலேகா நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு அன்று உரிமம் புதுப்பிக்கும் ஆய்வு. அந்த ஹாலின் அளவுக்கு இருபது பிள்ளைகள்தான் இருக்கலாம், பதிவேட்டிலும் இருபதுதான். முந்தின நாள்கூட, இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் கேட்டுக் கண் கலங்கிய தாயை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

அதுவரை எல்லாம் கல்யாண வீடு மாதிரிதான் போயிற்று. பத்து மணிக்கு ஆய்வு அதிகாரியான மேடத்தின் ஜீப் காம்பவுண்டுக்குள் வந்து புங்கமர நிழலில் நின்றது. இறங்கிய மேடம் கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமே வராமல் சாத்தினார்.

“தேவராஜன், வண்டிய விட்டு எங்கயும் போவாதீங்க” என்று டிரைவருக்கும் ஓர் உத்தரவு. டிரைவரையே இந்த மிரட்டு மிரட்டுகிறவர் நம்மை என்ன பாடு படுத்துவாரோ என்று சந்திரலேகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மேடம் எதையும் விடவில்லை. சுவிட்ச் போர்டு பிள்ளைகளின் கைக்கு எட்டுமா என்று முட்டி போட்டுப் பார்த்தார். கழிவறைக் கோப்பையின் உயரத்தை டேப் வைத்து அளந்தார். சமையலறையில் ஒரு வாய் கிச்சடி போட்டுப் பார்த்து, “உப்பு சரியா இருக்கு” என்று அதையும் எழுதிக்கொண்டார். டிக் விழ விழ, சந்திரலேகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இதற்குள் உதவியாள் கிளியம்மாள் முயல் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருந்தாள். முழங்காலுக்குத் தொங்கும் மஞ்சள் பனியன், முகத்தில் நீளக் காது வைத்த அட்டை முகமூடி. “வெளில ஒண்ணுகூட பாக்கியில்ல டீச்சர், அல்லாத்தயும் இஸ்துகினு வந்துட்டேன்” என்றாள் பெருமையாக.

ஆட்டம் அமர்க்களமாகத்தான் தொடங்கியது. மேடம்கூடத் தாளம் போட்டார். போட்டுக்கொண்டே எண்ணியும் விட்டார்.

“இன்னொருக்கா எண்ணுங்க மேடம், இருவதுதான் இருக்கும்” என்றாள் சந்திரலேகா. பதறினால் அவளுக்குக் கோவில்பட்டிப் பேச்சு வந்துவிடும்.

மறுபடி எண்ணினார்கள். மேடத்துக்குப் பத்தொன்பது வந்தது, சந்திரலேகாவுக்கு இருபத்திரண்டு, கிளியம்மாளுக்கு இருபத்தாறு. “நில்லுங்கடா!” என்றால் இன்னும் உயரமாகக் குதித்தன. ஒருவழியாகச் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்து எண்ணினால், இருபத்தொன்று.

“மொயலு குட்டி கிட்டி போட்டுச்சா இன்னா டீச்சர்?” என்றாள் கிளியம்மாள். மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சந்திரலேகா பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டாள். “சுகப்பிரியா!” ஒரு முயல் எழுந்து குதித்தது. கூடவே இன்னொன்றும் குதித்தது. “மாரிராஜ்!” அதற்கும் இரண்டு. ஒரு முயல் எல்லாப் பெயருக்கும் குதித்துக்கொண்டிருந்தது. மற்ற முயல்களுக்கும் இந்த விளையாட்டுப் பிடித்துப்போய், “இசக்கிபாண்டி!” என்றபோது இருபத்தொன்றும் சேர்ந்து எகிறின.

மேடம் பேனாவைத் திறந்தார். சிரிப்பு போய்விட்டது. “விளையாட்டு இல்லம்மா இது. ஒண்ணு, பதிவேட்டுல காட்டாம ஒரு கொழந்தைய வெச்சிருக்கீங்க. இல்ல, ஒரு கொழந்த உள்ள வந்ததே உங்களுக்குத் தெரியல. எதுவா இருந்தாலும் நோட்டீஸ்தான்.”

“மேடம், இதை மூடிட்டா ஷிப்டுக்குப் போற இருவது பொம்பளையாளும் நாளைக்கே வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காரணும். ஒத்தப் பிள்ளைகூட நான் கூடுதலாச் சேக்கல. வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியம்!”

அப்போது டிரைவர் தேவராஜன் வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை, ஒரு கையில் டீ கிளாஸ். “மேடம்... மேடம்...”

“இருங்க தேவராஜன், எண்ணிக்கிட்டு இருக்கோம்ல?” என்று திரும்பாமலே சொன்ன மேடம், சந்திரலேகாவைப் பார்த்தார். “எந்தக் கொழந்த எங்க இருக்குன்னே தெரியாதவங்கள நம்பி, எப்படிம்மா கொழந்தைங்கள விடுறது?”

சந்திரலேகாவுக்குக் கண் நிறைந்தது.

“எல்லா முகமூடியையும் கழட்டச் சொல்லுங்க.”

கிளியம்மாள் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒவ்வொரு முகத்துக்கும் சந்திரலேகா பேர் சொல்ல, மேடம் பதிவேட்டில் டிக் போட்டார். இருபது முகம், இருபது பேர், எல்லாம் சரி.

ஒரே ஒரு முயல் மிச்சம் இருந்தது. எல்லாப் பெயருக்கும் குதித்த அதே முயல். கிளியம்மாளின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அடக்க முடியாமல் கிளுகிளுவென்று சிரித்தது.

பிறகு தானாகவே முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஹாலைக் குறுக்கே ஓடிவந்து மேடத்தின் காலைக் கட்டிக்கொண்டது.

“அம்மா, என்னையும் எண்ணிட்டியா?”