மூன்றாவது காரணம்

மதுரை மாநகருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது: 'தூங்கா நகரம்' என்ற பெயர் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதற்கான இறுதி விடை, பசுமலையில் ஒரு வீட்டுக் கூடத்தில், காலை ஆறு மணிக்கு வெளியிடப்பட்டது.

வெளியிட்டவர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் சத்தியசீலன். அந்தப் பெயருக்கு மூன்று காரணங்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. முப்பது வருடமாக எந்த மேடையிலும் மூன்றாவது காரணத்தை அவர் எட்டியதில்லை. இரண்டாவதிலேயே சபை குறட்டை விட்டுவிடும்.

இன்று கூடம் நிறைய ஆட்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில், கண்கள் சிவக்க, செல்போனைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மனைவி தெரசா. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் பேசும்போது எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை.

சத்தியசீலனுக்குக் கைகால் சில்லிட்டிருந்தது. மேடை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"முதல் காரணம், விடிய விடிய இட்லிக் கடை. இரண்டாவது, மில்லுகளில் அந்தக் காலத்து மூணு ஷிப்ட்..."

வழக்கமான இடத்தில், பழைய மாணவன் ஜோவின் தலை சாய்ந்தது. பக்கத்திலிருந்த கிளமெண்ட், தெரசாவின் தம்பி, அவன் தொடையில் ஒன்று வைத்தார்.

"டேய் மாப்ள, முழிச்சிரு!"

"லேசாக் கண்ண அசத்துதுண்ணே."

"போயி மொகத்தக் கழுவிட்டு வா. இன்னைக்கு ஒரு பய தூங்கப்படாது."

சத்தியசீலன் நெகிழ்ந்துபோனார். மச்சினனா இப்படி! அவர் தொண்டையைக் கனைத்தாலே செருப்பைத் தேடுகிற முதல் ஆள் அவன்தானே!

ஜோ முகம் கழுவி வரும்வரை காத்திருந்தார். அதற்குள் டீத் தட்டு வந்தது. எல்லோருக்கும் நீட்டியவர்கள் அவரை மட்டும் தாண்டிப் போனார்கள். பேச்சாளரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். என்ன மரியாதை!

"மூன்றாவது..." சபையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்குப் படுக்க இடமில்லை. விடியும்வரை தெருவில் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களால் வந்த பெயர் இது."

சொல்லியே விட்டார். ஒருவரும் தூங்கவில்லை. ஒருவரும் கைதட்டவும் இல்லை.

ஜோ, கிளமெண்டின் காதருகே குனிந்தான். "இன்னும் எம்புட்டு நேரம்ணே இப்படி முழிச்சிருக்கணும்?"

"அக்கா மக ஷெரின் பிளேன்ல வந்து எறங்கப் பத்து மணி ஆகும். பொணத்த வச்சுக்கிட்டுத் தூங்கப்படாதுடா. அத்தானப் பொதச்சுட்டுப் போயித் தூங்குவோம்."